'இடது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

என் பிழைகளை எனக்கு முன்பே கண்டுவிடும் மங்களாவுக்கு,

நேற்றுப் பிற்பகல் மூன்றே முக்காலுக்கு உன் மகள் சரண்யா கேரளத்து மகளிர் உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள். ஒரு பருவகாலத்துக்கு, முன்கள வீராங்கனையாக. கழகத்தின் முகாமையாளர் தொலைபேசியில் இதை என்னிடம் உறுதிப்படுத்தினார். கையெழுத்திட்ட பக்கத்தை நானும் கண்ணால் பார்த்தேன். இரண்டு மூலங்கள். ஒன்று போதுமா என்று நீ கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்து நடந்தது வெள்ளவத்தையில், என் வீட்டுக்குக் கீழே உள்ள கொமியூனிகேஷன் கடையில். ஒன்பது பக்கங்களை அச்சடித்து, ஒவ்வொன்றின் அடியிலும் முதலெழுத்துப் போட்டாள். கடைக்காரர் ஸ்கேன் செய்தபடி, விசா அலுவலா என்று கேட்டார். ஃபுட்போல் என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, "எந்தக் கால்?" என்றார். "இடது" என்று சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் காலி ஊருக்குப் போகும் பெருவீதியில் ஓடிய பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு மன்னிப்பு. ஒரே அலுவலகத்தில் பதினான்கு வருஷம் வேலை செய்தோம். நீ என்னை அண்ணே என்றாய். நான் உன்னை நீங்கள் என்றே அழைத்தேன். போன வருஷம் டெங்குக் காய்ச்சல் நாலே நாளில் உன்னைக் கொண்டுபோன பிறகுதான் மனதுக்குள் நீ என்று கதைக்கத் தொடங்கினேன். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. இனி மாற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். இவள் எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவள். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை வாசித்துப் பிழை பிடிப்பது வேலை. கையில் சிவப்புப் பேனா, கொண்டையில் செருகிய பென்சில். சிவப்பு, பிழைக்கு. எழுத்துப் பிழையென்றால் யாரையும் கேட்காமல் திருத்துவாள். பென்சில், சந்தேகத்துக்கு. தகவல் பிழைபோலத் தெரிந்தால் அதைத் திருத்தும் அதிகாரம் ஒப்புநோக்காளருக்கு இல்லை. ஓரத்தில் ஒரு கேள்விக்குறி இட்டு, எழுதியவரிடம் பக்கத்தை அனுப்பவேண்டும். எழுதியவர் ஒன்றில் திருத்துவார், அல்லது கேள்விக்குறியை அடித்துவிடுவார். அதற்குமேல் பேச்சில்லை.

உன் கேள்விக்குறிகளுக்கு நான் பயந்ததுண்டு. 'தலையால் முட்டி கோல் போட்டார்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால், 'முட்டியா, தலையா?' என்று கேட்டிருந்தாய். விளையாட்டுப் பகுதி முழுவதும் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது. நான் முழங்காலைத் தடவிக்கொண்டு நடந்தால் "தலையிடியா சேர்?" என்று கேட்பார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆறு வருஷம் ஆகிறது. தெமட்டகொடையில், ரயில் தண்டவாளங்களுக்கு அப்பால், எப்போதும் சேறாகக் கிடக்கும் மைதானத்தில் மகளிர் லீக் ஆட்டம். நான் போகவில்லை. அன்றைக்கு ஆண்களின் ஆட்டம் ஒன்றும் இருந்தது. எதற்குப் போவது என்று தீர்மானிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. மாலை ஐந்து மணிக்கு, வென்ற அணியின் செயலாளர் ஆட்டத் தாளைப் படமெடுத்து அனுப்பினார். ஒன்றுக்குப் பூச்சியம். கோல் போட்டவர் ரிஸ்னா, இலக்கம் நான்கு. எப்படி விழுந்தது என்று தொலைபேசியில் கேட்டேன். இடது பக்கமாக ஓடிவந்து, கீப்பர் விழும்வரை பார்த்துக்கொண்டு நின்று, இடது காலால் மெல்லத் தட்டிவிட்டாள் என்றார். நான் எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவனைப்போல எழுதினேன். 'ரிஸ்னாவின் இடது காலால் வெற்றி' என்று தலைப்பும் கொடுத்தேன்.

நான்காம் இலக்கம் பின்களத்துக்கு உரியது. அது எதிரணியின் கோலடியில் என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை. முப்பது வருஷம் உதைபந்தாட்டம் எழுதியவன் கேட்டிருக்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

நீ ஐந்தரைக்கு வேலைக்கு வந்தாய். செருப்பில் சேறு காய்ந்திருந்தது. மழை விழாத நாளில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்திக்கு அந்தச் சேறு எங்கே ஒட்டியது என்றும் நான் கேட்கவில்லை. பக்கம் உன்னிடம் போய்த் திரும்பிவந்தது. என் செய்தியில் சிவப்பு ஒன்றும் இல்லை. 'இடது காலால்' என்ற இடத்துக்கு நேரே, ஓரத்தில், ஒரு பென்சில் கேள்விக்குறி மட்டும் இருந்தது.

உன் மேசைக்கு வந்தேன். இதில் என்ன சந்தேகம் என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லண்ணே. ஒருக்கா பாத்துக்கங்க."

"செயலாளர் இடது காலெண்டுதான் சொன்னவர். வேணுமெண்டா திரும்பக் கேக்கிறன்."

"கேளுங்க."

கேட்டேன். செயலாளர் சத்தியம் பண்ணாத குறை. இடது கால்தான் சேர், இடது காலேதான். திரும்பி வந்து, சரியாம் என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையாட்டினாய். நான் கேள்விக்குறியை அடித்துவிட்டேன். பக்கம் ஏழு மணிக்கு முன் போய்விட்டது.

கால் சரி. பெயர் பிழை. அந்தக் கோலைப் போட்டது உன் மகள்.

இதை நான் தெரிந்துகொண்டது ஆறு வருஷம் கழித்து, இந்த வருஷந்தான். நீ எனக்குச் சொல்லவேயில்லை.

நடந்தது இவ்வளவுதான். சரண்யாவுக்கு அப்போது பதினாறு வயது. அணியில் சேர்ந்து நாலு மாதம். ஆனால் லீக்கில் ஆடுவதற்கான பதிவு அட்டை வரவில்லை. பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதைத் தமிழில் பெயர்த்தபோது சரண்யா, 'சரணியா' ஆகிவிட்டாள். பாடசாலைத் தாளில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர் என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. 'ண்' இருக்கவேண்டிய இடத்தில் ஒரு 'ணி'. ஊரார் பெயர்களையெல்லாம் தினமும் திருத்திக் கொடுத்த உனக்கு, சொந்தப் பிள்ளையின் பெயரில் அந்த ஒரு எழுத்தைத் திருத்த மாதக்கணக்கில் அலையவேண்டியிருந்தது. அலுவலகத்தில் நீ அரைநாள் விடுமுறை கேட்டுக்கொண்டே இருந்தாய். யாருக்கோ சுகமில்லை என்று நினைத்தேன்.

அந்த ஞாயிறு காலையில் ரிஸ்னாவின் கணுக்கால் பிசகிவிட்டது. ரிஸ்னா மாளிகாவத்தைப் பிள்ளை, சரண்யாவைவிட இரண்டு வயது மூத்தவள், பின்களம். அணியில் பத்துப் பேர்தான் மிஞ்சினார்கள். எதிரே ஆடவந்தது பலமான அணி. பயிற்சியாளர் ரிஸ்னாவின் சட்டையையும் பதிவு அட்டையையும் சரண்யாவிடம் கொடுத்து, இறங்கு என்றார். மத்தியஸ்தர் அட்டைகளைக் கட்டாக வாங்கி, எண்ணி, திருப்பிக் கொடுத்தார். அது விதிமீறல் என்று அணியில் எல்லாருக்கும் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

உனக்கும் தெரிந்திருக்கும். மகள் ஆடமாட்டாள், தோழிகளோடு ஓரத்தில்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அவளுடைய அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போனாய். நான்காம் இலக்கச் சட்டையோடு அவள் இறங்குவதைக் கண்டாய். கோலையும் கண்டாய். பிறகு பஸ் ஏறி வேலைக்கு வந்து உட்கார்ந்தால், முதலில் உன் கைக்கு வந்தது என் பக்கம்.

உன் மகளின் முதல் கோல், வேறொரு பெயரில்.

பெயருக்கு நேரே நீ கேள்விக்குறி இட்டிருந்தால் நான் செயலாளரிடம் பெயரைக் கேட்டிருப்பேன். அவர் தடுமாறியிருப்பார். நான் விடமாட்டேன், அது உனக்குத் தெரியும். அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அணிக்குத் தடை, பிள்ளைக்குத் தடை. ஒன்றும் இடாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நீ இரண்டையும் செய்யவில்லை. பெயரைத் தாண்டி, சரியாக இருந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறியை வைத்தாய்.

ஏன், மங்களா? நான் கண்டுபிடிக்கவேண்டும் என்றா, கண்டுபிடிக்கக் கூடாது என்றா? சேற்றோடு வந்து உட்கார்ந்திருந்த உனக்கே அது தெரிந்ததா? எத்தனையோ பேரைப் பேட்டி கண்டவன் நான். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவளை அப்போது கேட்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டில் நீ சொன்னதைச் சரண்யா எனக்குச் சொன்னாள். அடித்துவிடுவாய் என்று பயந்துகொண்டு இருந்தாளாம். நீ சோற்றைப் போட்டுக் கொடுத்து, அவள் சாப்பிட்டு முடியும்வரை இருந்துவிட்டு, "இனிமே ஒம் பேர்லயே வெளயாடு" என்றாயாம். அவ்வளவுதான். மறுநாள் காலையில் மறுபடியும் பதிவகத்துக்குப் போனாய். தோஹாவில் சாரதியாக இருக்கும் உன் வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

அடுத்த பருவகாலத்தில் அட்டை வந்தது. சொந்தப் பெயரில், பதினோராம் இலக்கத்தில் ஆடத் தொடங்கினாள். அப்போதிருந்து நான் மைதானத்துக்குப் போனேன். உன் மகள் என்பதால் முதலில் போனேன். பிறகு அவள் ஆட்டத்துக்காகவே போனேன். மற்றவர்கள் பந்து கிடைத்ததும் அடிப்பார்கள். இவள் அரை அடி தாமதிப்பாள். அந்த அரை அடிக்குள் கீப்பர் பொறுமை இழந்து ஒரு பக்கம் விழுந்துவிடுவார். பிறகு மற்றப் பக்கத்தில் மெல்லத் தட்டிவிடுவாள். கீப்பர் விழும்வரை பார்த்துக்கொண்டு நிற்பது. செயலாளர் அன்று தொலைபேசியில் சொன்ன அதே கோலை நான் எத்தனையோ தடவை நேரில் பார்த்தேன், எழுதினேன். அப்போதும் எனக்குப் பொறி தட்டவில்லை.

மற்றதெல்லாம் நீ இருக்கும்போதே நடந்தது. முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவம் முழுக்க வீட்டில் இருந்தது. பம்பலப்பிட்டி சுப்பர் மார்க்கட்டில் காலையில் காசாளர் வேலை, மாலையில் பயிற்சி. தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு. அழைப்புக் கடிதத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் நீ முதலில் பார்த்தாய். பிறகுதான் அழுதாய்.

நீ போனது அந்த முகாமின் இரண்டாவது வாரத்தில். அவள் பாதியில் வந்தாள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து திரும்பிப் போனாள். திரும்பிய பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் ஒரு கோல். அதே அரை அடி, அதே தட்டல். தோழிகள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். அவள் கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடுவட்டத்துக்கு நடந்தாள். 'கொண்டாடவில்லை' என்று எழுதினேன். பக்கம் திரும்பி வந்தபோது ஓரம் சுத்தமாக இருந்தது. அந்த வெறும் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்தில் கொண்டையில் எதையாவது செருகிய பெண்ணைக் கண்டால் இன்னமும் நடையைத் தளர்த்துகிறேன். பெரும்பாலும் அது ஒரு கிளிப்பாக இருக்கும். உன்னைக் கடைசியாக வீட்டில் கிடத்தியிருந்தபோது கொண்டையில் பென்சில் இருக்கவில்லை. அது இருந்திருக்கவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல நான் யார் என்றும் தோன்றியது.

இனி இந்த வருஷத்துச் செய்தி. ஒரு சுற்றுப்போட்டியில் சரண்யாவைப் பார்த்த கேரளத்துப் பயிற்சியாளர் அழைப்பு அனுப்பினார். கழகம் ஒரு படிவமும் அனுப்பியது. ஆடிய உத்தியோகபூர்வ ஆட்டங்கள் எல்லாவற்றையும் எழுதி, இது முழுமையானதும் உண்மையானதும் என்று கீழே ஒப்பமிடவேண்டும். பழைய பத்திரிகைகள் என்னிடம் இருப்பதால் சரிபார்க்க என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். நான் வாசிக்க, அவள் குறித்தாள். உன் வேலையை இரண்டு பேருமாகச் செய்தோம் என்று வைத்துக்கொள்.

முடிந்தது என்று நான் பத்திரிகைக் கட்டை மூடும்போது, ஒன்று விட்டுப்போச்சு என்றாள். சொன்னாள். முழுவதையும் சொன்னாள்.

இங்கே என் இரண்டாவது பிழையை எழுதவேண்டும். முப்பது வருஷம் உண்மை உண்மை என்று எழுதிய நான், "விடு பிள்ளை. ஆருக்கும் தெரியாது" என்றேன். பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லியிருந்தார். எழுதினால் உதைபந்தாட்டச் சங்கம் விசாரிக்கும். தடை விழலாம். தடை விழுந்தால், வெளிநாட்டுக் கழகத்தில் ஆடுவதற்கான மாற்றுச் சான்றிதழ் வராது, ஒப்பந்தம் போய்விடும். ஆறு வருஷத்துக்கு முந்திய ஒரு தட்டலுக்காக. எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். நல்ல காரணங்கள்தான்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா அன்னைக்கு அந்தப் பக்கத்தப் பாத்தாங்களா மாமா?" என்றாள்.

"பாத்தவ."

"ஒன்னும் சொல்லலியா?"

கேள்விக்குறியைப் பற்றிச் சொன்னேன். 'இடது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தது என்றேன். இப்போதுதான் எனக்கும் அது விளங்குகிறது என்றேன். அவள் முதலில் சிரித்தாள். "ரிஸ்னா அக்கா எடது காலால பந்தத் தொட்டதே இல்ல மாமா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்த முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். வரும்போது படிவத்தின் முதல் வரிக்கு மேலே, இருந்த சிறு இடைவெளியில், அந்த ஆட்டத்தை எழுதி முடித்திருந்தாள். 'இன்னொருவரின் பதிவில் ஆடினேன். ஒரு கோல்.' எழுத்து உன் எழுத்தைப் போலவே பின்பக்கம் சாய்ந்திருந்தது.

அணியின் செயலாளர், பயிற்சியாளர் இருவருக்கும் அவளே சொன்னாள். சங்கத்துக்கு அவளே கடிதம் கொடுத்தாள். ஒரு கடிதம் போதாது. அட்டைக்குரியவளின் வாக்குமூலமும் வேண்டும் என்றார்கள். ஆகவே ரிஸ்னாவைத் தேடிப் போனோம்.

ரிஸ்னா இப்போது ஆடுவதில்லை. தெமட்டகொடையில் ஒரு மருந்துக் கடையில் வேலை. சரண்யாவைக் கண்டதும், "என்னடீ, என்ட கோலத் திருப்பிக் கேக்க வந்தீக்கியா?" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். பிறகு சரண்யாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்திருந்த வாடிக்கையாளரின் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எழுதித் தருகிறேன் என்றாள். தயங்கவில்லை. ஆனால் ஒரு பிரச்சினை இருப்பதாகச் சொன்னாள். வாப்பாவுக்குத் தெரியாது.

அவளுடைய வாப்பா மாளிகாவத்தையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். என் செய்தியை வெட்டி, பிளாஸ்டிக் உறையிட்டு, டியூப்கள் தொங்கும் கம்பிக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆறு வருஷமாக அங்கே தொங்குகிறது. பத்திரிகையில் அவள் பெயர் வந்தது அந்த ஒரு தடவைதான். நான் மைதானத்துக்குப் போகாமல் எழுதிய செய்தி, இன்னொருவரின் கடைச் சுவரில் இருந்திருக்கிறது. பிழையைத் திருத்துவது என்றால் பேனாவால் ஒரு கோடு என்று நினைத்திருந்தேன். அந்தக் கோடு சுவரில் தொங்கும் ஒரு உறையின் குறுக்கே போகும் என்று நினைக்கவில்லை.

"வாப்பாவுக்கு நானே சொல்றேன் சேர்" என்றாள் ரிஸ்னா. போன சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேருமாகப் போனோம். அவர் கவிழ்த்து வைத்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கம்பிகளை இறுக்கிக்கொண்டிருந்தார். ரிஸ்னா சரண்யாவின் கையைப் பிடித்தாள். சரண்யா சொல்லத் தொடங்கி, பாதியில் என்னைப் பார்த்தாள். மீதியை நான் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

அவர் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"என்ட மகள் வலது கால்காரி," என்றார். "சின்ன வயசுல ஈந்தே இந்தச் செவருக்குத்தான் பந்தடிச்ச. எனக்குத் தெரியாதா? பேப்பர்ல இடது காலெண்டு பாத்த அண்டைக்கே வெளங்கிட்டு."

ரிஸ்னா அவரையே பார்த்தாள். "அப்ப ஏன் வாப்பா மாட்டி வெச்சீங்க?"

"பேர் ஒன்ட பேர்தானே."

பிறகு என் பக்கம் திரும்பி, திருத்தம் என்று போடுவீர்களே, அதில் இவளுடைய பெயரும் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். இவருடைய பெயரில் வெளியான கோல் இன்னாருடையது என்று இரண்டு பெயரையும் போட்டாகவேண்டும்.

"அப்ப அதையும் வெட்டித் தாங்க," என்றார். "ரெண்டையும் மாட்டுறேன்."

மங்களா, அந்த மனிதரும் நீயும் ஒரே சொல்லை ஒரு இரவு இடைவெளியில் வாசித்தீர்கள். நீ பென்சிலை எடுத்தாய், அவர் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு பேருக்கும் உடனே விளங்கியது. எழுதிய எனக்கு விளங்க ஆறு வருஷமும் உன் சாவும் தேவைப்பட்டன.

இப்போது பக்கங்களைக் கணினித் திரையில்தான் பார்க்கிறோம். உன் இடத்தில் வந்திருக்கும் பிள்ளை கெட்டிக்காரி. சந்தேகம் வந்தால் எழுந்து வந்து நேரிலேயே கேட்டுவிடுகிறாள். நல்லதுதான். அவள் கேட்கும்போதெல்லாம் கதிரையை அவள் பக்கம் முழுவதாகத் திருப்பி உட்கார்கிறேன். நீ "கேளுங்க" என்று சொன்ன அன்றைக்கு நான் அப்படி உட்கார்ந்திருந்தால் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா?

இந்தக் கடிதத்தைச் சரண்யா, ரிஸ்னா, ரிஸ்னாவின் வாப்பா மூவரிடமும் வாசித்துக் காட்டிவிட்டே அச்சுக்குக் கொடுக்கிறேன். தோஹாவுக்கும் தொலைபேசியில் வாசித்தேன். உன் வீட்டுக்காரர் கடைசிவரை கேட்டுவிட்டு, அந்தச் செருப்பு இன்னும் வீட்டு வாசலில்தான் இருக்கிறதாம், பிள்ளை எடுக்க விடுகிறாள் இல்லையாம் என்று மட்டும் சொன்னார்.

இனி நிலுவையில் இருப்பது. சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழு வரும் வியாழக்கிழமை கூடுகிறது. இரண்டு வாக்குமூலங்களும் கிடைத்துவிட்டதாகச் சங்கத்தின் அலுவலகம் எனக்கு உறுதிப்படுத்தியது. முடிவு அன்று மாலை நான்கு மணியளவில் எதிர்பார்க்கப்படுகிறது. எச்சரிக்கையோடு விட்டால், மாற்றுச் சான்றிதழ் அடுத்த திங்கட்கிழமை போகும். அவள் அந்த வார இறுதியில் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து புறப்படுவாள். தடை விழுந்தால் ஒப்பந்தம் தானாகவே காலாவதியாகும். ஒன்பதாம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஊகம் எழுதினால் உனக்குப் பிடிக்காது. நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளும் ஊகிக்கவில்லை. மாலைப் பயிற்சிக்கு நேரமாகிறது என்று பஸ் ஏறிவிட்டாள்.

வியாழக்கிழமையின் முடிவு எதுவானாலும் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு திருத்தம் வரும். இது நான் உனக்குத் தரும் வாக்கு. இரண்டு பெயர்களும் இருக்கும். 'ண்' சரியாக இருக்கும். 'இடது காலால்' என்பதில் கை வைக்கவில்லை. அது அன்றைக்கே சரியாகத்தான் இருந்தது.

அதைத் தாளில் அச்செடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். நாலே வரி. வழக்கத்தைவிட ஓரம் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கிறது.

ஒருக்காப் பார்த்துக்கொள்.

உன் கேள்விக்குறியை அடித்துவிட்ட
அண்ணன்,
வெள்ளவத்தை.